முச்சனேட்டா

சமையலறையைத் திறந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

சோளமாவு மூட்டை கிழிந்து தரையெல்லாம் வெள்ளை. கதவின் கீழ்ப்பலகையில் பாதியைக் காணோம். நடுவில், முகமெல்லாம் மாவோடு வாலை ஆட்டிக்கொண்டு நாய்க்குட்டி.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "காலையிலேருந்து ஒரே ஊளை. பக்கத்துல மனுஷன் குடியிருக்கணுமா வேண்டாமா? இன்னொரு நாள் கத்தட்டும் அந்த நாய். நானே ஒரு வழி பண்றேன்."

பக்கத்து வீட்டு மச்சிங்குரா. ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர்.

மாய் ருனாகோ, அதாவது ருனாகோவின் அம்மா, தோள்பையை இறக்கிவைத்தாள். நாயைப் பார்த்து, தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டாள். "முச்சனேட்டா! இங்க வா, முச்சனேட்டா!"

அவர்கள் மொழியில் 'நீங்களே அலுத்துப்போவீங்க' என்று அர்த்தம்.

போன வருஷம் அவள் துணி துவைத்த தண்ணீர் தன் கீரைப் பாத்தியில் பாய்ந்ததென்று மச்சிங்குரா நகரசபை வரை போய்ப் புகார் கொடுத்தார். வயதில் பெரியவரை நேருக்கு நேர் திட்ட முடியுமா? அந்த வாரமே ஒரு குட்டியை வாங்கிவந்து இந்தப் பேரை வைத்தாள். க்வேரு நகரில் அந்தத் தெருவே அப்படித்தான், நேரில் சொல்ல முடியாததை நாயின் பேரில் சொல்லும். எதிர்வீட்டு நாயின் பேர் 'பொறாமை'.

யாருக்காக வைத்த பேர் என்பது மச்சிங்குராவுக்கும் தெரியும். அவர் வாயிலிருந்து ஒருநாளும் அந்தப் பேர் வந்ததில்லை. 'அந்த நாய்' என்பார். கோபம் வந்தால் 'உங்க பிராணி'.

பேருக்காக வந்த குட்டி, மகள் ருனாகோவின் கட்டிலில் படுத்து வளர்ந்தது. ஜனவரியில் அவள் விடுதிப் பள்ளிக்குப் போனதிலிருந்து ஆரம்பித்தது இந்தக் கூத்து. அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குக் கிளம்பி, வெளிக்கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் ஊளை. அப்புறம் பல்லுக்குக் கிடைத்ததெல்லாம் துண்டு துண்டு.

வாடகைக்கு விட்ட வீட்டுச் சொந்தக்காரர் கதவைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நாய் என் தம்பி பண்ணைக்குப் போயிடும். நீங்க பேசவே கூடாது."

ஏப்ரலில் விடுமுறைக்கு வருகிற ருனாகோ முதலில் தேடப்போவது அம்மாவையல்ல.

ஆஸ்பத்திரியில் சிஸ்டர் ந்யோனி வழி சொல்லிக்கொடுத்தாள். "அது சேட்டை பண்ணலைடி, பயப்படுது. நீ திரும்பி வரமாட்டேன்னு நினைக்குது. கிளம்பறப்ப கொஞ்சாதே. ரெண்டு நிமிஷம் வெளிய போ, வா. அப்புறம் அஞ்சு, பத்து. பழகிக்கும்."

ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தாள். இரண்டு நிமிஷத்துக்கென்று வெளியே வந்தால், வாசலில் எதிர்வீட்டு அம்மாள்.

"நல்லாத் தூங்கினீங்களா?"

"தூங்கினேன், நீங்க தூங்கியிருந்தா." அந்த ஊரில் வழக்கமான பதில் அது.

"பிள்ளை சுகமா? உங்க ஊர்ல எல்லாரும் சுகமா? மழை பெஞ்சுதா?"

பாதியில் விட்டுப் போனால் மரியாதையா? அவளை அனுப்பினால் அடுத்தவள். உள்ளே வந்தபோது இருபது நிமிஷம் ஆகியிருந்தது. நாற்காலிக்கு மூன்று கால்.

இருந்தும் விடவில்லை. தினமும் வேலைக்குப் போகுமுன் இரண்டு தடவை, வந்தபின் இரண்டு தடவை.

பத்தாம் நாள் சமையலறை வைத்தது வைத்தபடி இருந்தது. அடுத்த நாளும். அப்படியே ஒரு வாரம் போனது; ஊளையும் இல்லை, புகாரும் இல்லை.

"என்கிட்டயா நடக்கும்? பழக்கிட்டேன்ல" என்று சலவைக்கூடத்தில் பெருமையடித்தாள்.

அங்கே வேலை செய்யும் எதிர்வீட்டு மருமகள் தயங்கியபடி சொன்னாள். "அக்கா, நேத்து எனக்கு லீவு. மச்சிங்குரா மதில் மேல எட்டி உங்க சமையலறை ஜன்னலுக்குள்ள என்னமோ போட்டார். கம்பி வழியா. ஒரு தடவை இல்ல, நாலஞ்சு தடவை."

மாய் ருனாகோ மடித்துக்கொண்டிருந்த விரிப்பை அப்படியே விட்டாள். 'நானே ஒரு வழி பண்றேன்.' அதனால்தான் நாய் இத்தனை சாதுவாகிவிட்டதா? என்ன கலந்து போடுகிறான் அந்த மனுஷன்?

அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினாள். தெருமுனையிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வீட்டுப் பின்பக்கம் சுற்றிப் போனாள்.

மதிலுக்கு மேலே மச்சிங்குராவின் தலை தெரிந்தது. பாட்டில் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு ஏறி நின்றிருந்தார். கையில் கடிகாரம். ஜன்னல் கம்பிக்குள்ளே இரண்டு காதுகள்.

"பதினஞ்சு நிமிஷம். நேத்தைக்கு விட மூணு ஜாஸ்தி" என்றார் நாயிடம். "நான் உள்ளே போனேன், வந்தேனா இல்லையா? உங்கம்மாவும் வருவா. சிக்னல் அறையில நான் முப்பது வருஷம் தனியா இருக்கல? முச்சனேட்டா. இந்தா, பிடி. நல்ல பிள்ளை, முச்சனேட்டா."

ஒரு காய்ந்த மீன் கம்பி வழியாக உள்ளே போனது.

இவளைப் பார்த்துவிட்டார். திருடிப் பிடிபட்டவர்போலக் கடிகாரத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

மாய் ருனாகோ செருப்பைக் கீழே போட்டாள். என்னென்னவோ கேட்க வந்தவளுக்கு ஒன்றுதான் வாயில் வந்தது.

"ஐயா... அந்தப் பேரையா சொல்லிக் கூப்பிடறீங்க?"

"வேற நாலு பேர் சொல்லிப் பார்த்தேம்மா, திரும்பவே இல்ல" என்றார் அவர், பெட்டியிலிருந்து மெதுவாக இறங்கியபடி. "அதுக்குத் தெரிஞ்சது இந்த ஒண்ணுதானே."