லோரீனாவின் குட்டி

ஹோல்ஸ்டைன் சதுப்பு வயல்களின் மேல் மழைமேகம் இறங்கி நிற்கிறது. பட்டப்பகலிலும் லாயத்துக்குள் வெளிச்சம் ஈயம்போல் மங்கிக் கிடக்கிறது. பெண் குதிரை லோரீனா சற்றுமுன்தான் குட்டி போட்டிருக்கிறாள். முதலில் வரவேண்டிய வெள்ளைப் பைக்குப் பதிலாகச் சிவப்புப் பை, குட்டிக்கு மூச்சு கொடுக்கும் நஞ்சு, முன்கூட்டியே கழன்று வந்ததும், வீப்கே அதைக் கத்தரித்துக் குட்டியை இழுத்துப்போட்டாள். உள்ளே எவ்வளவு நேரம் மூச்சில்லாமல் கிடந்ததோ, அது மூளையைத் தாக்கியதோ, தெரியவில்லை. இப்போது அது தள்ளாடி எழுந்து நிற்கிறது. வீப்கேயின் புருஷன் டெட்லெஃப் ஜன்னல் விளிம்பில் இரண்டு சின்னக் கிளாஸ்களில் சாராயம் ஊற்றுகிறான். “காலைப் பாரு, எவ்ளோ நீளம்! அப்பன் மாதிரியே எந்தத் தடையையும் தாண்டிடும். நீ ஏன் இழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிற?” “சும்மா இரு. முதல்ல பால் குடிக்கட்டும்.” லோரீனா தாழ்ந்த குரலில் கனைத்து, மடியைத் திருப்பிக் காட்டுகிறாள். காம்பிலிருந்து பால் வைக்கோலில் சொட்டுகிறது. குட்டி அவளைத் தாண்டி நடந்துபோய் மரச்சுவரை நக்குகிறது. வீப்கே அதன் முகத்தைப் பிடித்துத் தாயின் மடியில் வைக்கிறாள். கையை எடுத்ததும் அது மறுபடி சுவருக்கே போகிறது. “வழி தெரியல போல,” என்று சிரிக்கும் டெட்லெஃப், மனைவியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்துகிறான். “டாக்டரைக் கூப்பிடவா?” “கூப்பிடு.” தாய் மீண்டும் கனைக்கிறாள். குட்டியின் காதுகள் அசையவே இல்லை. பால் அங்கேதான் இருக்கிறது என்பதுபோல, அது நிதானமாகச் சுவரைச் சப்பிக்கொண்டிருக்கிறது.