கொலுசு பங்களாவின் கடைசி சீன்

"இன்னிக்கு அந்த மெட்ராஸ்காரன் வாயை அடைக்கிறேன் பாருங்கண்ணா!" என்றபடி பென் டிரைவை டி.வி.யில் செருகினான் இளஞ்செழியன்.

கம்ப்யூட்டரில் பட்டுப் புடவைக்கு டிசைன் போடுவது அவன் பிழைப்பு. பழைய பேய்ப் படங்கள் அவன் உயிர். 'கொலுசு பங்களா'வின் கிளைமாக்ஸைப் பற்றி ஃபேஸ்புக்கில் உருகி உருகி எழுதினான். சென்னையிலிருந்து ஒரு ரசிகர், "அப்படி ஒரு சீனே கிடையாது, புளுகாதே" என்று ஊரே பார்க்க மானத்தை வாங்கிவிட்டார். அன்று ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை.

அந்த சீனை அவனுக்குச் சொன்னவர் சாந்திநாதன். அரிசி மண்டியில் வேலை பார்த்து ஓய்ந்தவர். ஆரணியில் ஓடிய மர்மப் படம், பேய்ப் படம் ஒன்றையும் மேட்னியில் விட்டுவைக்காத மனிதர். அவர் சொன்னால் அவனுக்கு மறுபேச்சு கிடையாது. கைக்குக் கிடைத்த பிரதிகளெல்லாம் முடிவு அறுந்துபோனவை என்பதால், எங்கோ ஒருவரிடம் கெஞ்சிக் கூத்தாடி முழுப் படத்தையும் வாங்கி வந்திருந்தான். ஞாயிறு மத்தியானம், அவர் வீட்டுக் கூடத்திலேயே திரையிடல்.

"படம் போடறதுக்கு முன்னாடி இன்னொரு வாட்டி சொல்லுங்கண்ணா" என்றாள் கீதா. பஜாரில் ஜாக்கெட் தைக்கிறவள். பேய்ப் படம் என்றால் கடையைச் சாத்திவிட்டு வந்துவிடுவாள்.

"அதான் பாக்கப் போறோமேம்மா" என்று இழுத்தார் சாந்திநாதன்.

"நீங்க சொல்லிக் கேக்கற மாதிரி வருமா?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வெளக்கு அணைஞ்சுடும். ஸ்கிரீன் முழுக்க கருப்பு. கொலுசு மட்டும் கேக்கும். ஸ்கிரீன்லருந்து இல்லம்மா, நம்ம சீட்டுக்குப் பின்னாலருந்து! ஒவ்வொரு வரிசையா நடந்து வந்துகினே இருக்கும். நம்ம காதுகிட்ட வந்து நின்னுடும். அப்புறம் ஒரு பொண்ணு கொரலு, 'எல்லாரும் கண்ண மூடிக்கினாங்க. நீயாவது என்னப் பாத்தியா?' அவ்ளோதான். படம் முடிஞ்சுது."

பட்டப்பகலில் கீதா பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். நூறு முறை கேட்ட இளஞ்செழியனுக்கும் கை மயிர் சிலிர்த்து நின்றது. என்ன மனுஷன், என்ன சீன்!

"ஒரே ஸ்பீக்கர் இருந்த காலத்துல பின்னாலருந்து எப்புடி சத்தம் வரும்னு கேக்கறாண்ணா அந்தாளு."

"அங்கதாண்டா டைரக்டர் நிக்கறாரு" என்றாள் கீதா. சாந்திநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

படம் ஓடியது. ஒவ்வொரு வசனத்தையும் நடிகர்கள் பேசுவதற்கு முன்பே சாந்திநாதன் சொன்னார். எந்தக் கதவு எப்போது திறக்கும் என்பதுகூட அவருக்கு அத்துபடி. இருவரும் வாய் பிளந்து ஒரு கண்ணால் படத்தையும் ஒரு கண்ணால் அவரையும் பார்த்தார்கள்.

சமையலறையிலிருந்து அவர் மனைவி கனகவதி குரல் கொடுத்தாள். "நேரம் ஆவுது. ஜல்தி வந்து சாப்புடுங்க!"

ஜைனர் வீடு. பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிட வேண்டும். இருட்டிவிட்டால் அடுப்பும் கிடையாது, இலையும் கிடையாது. அது தெரிந்த கூட்டம்தான்.

"இதோ வரேன்" என்றார் அவர். எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம் அவர் வாயிலிருந்து ஒரு வசனமும் வரவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரையில் விளக்கு அணைந்தது. இளஞ்செழியன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

பட்டென்று ஒரு டார்ச் வெளிச்சம். பேயின் தலைமுடி கழன்று விழுந்தது. உள்ளே மீசையோடு எஸ்டேட் மானேஜர்! சிரிப்புப் போலீஸ் அவர் கன்னத்தில் ஓர் அறை விட, அவர் கடத்தப் பார்த்த சாமி சிலை மீட்கப்பட, எல்லோரும் வரிசையாக நின்று சிரித்து வணக்கம் போட்டார்கள்.



"அண்ணா" என்றான் இளஞ்செழியன். "இது வேற பிரிண்ட்டா இருக்குமாண்ணா? ஆமான்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்."

சாந்திநாதன் தரையைப் பார்த்தார்.

"வெட்டி எறிஞ்சிருப்பானுங்க!" என்று கீதாதான் பொரிந்தாள். "அண்ணன் தியேட்டர்ல உக்காந்து கண்ணால பாத்தது பொய்யா?"

கனகவதி கரண்டியோடு வந்து நின்றாள். "இன்னும் எழுந்துக்கலியா? வெளிச்சம் போயிகினு இருக்குது பாருங்க." டி.வி.யைப் பார்த்தவள் அசந்துபோனாள். "அட! கடைசி வரைக்குமா பாத்தீங்க?"

"ஏங்க அண்ணி, அதுல இன்னா அதிசயம்?" என்றான் இளஞ்செழியன்.

"அதிசயம் இல்லியா? அப்ப நாங்க ஆரணிக்கு அந்தாண்ட, சேத்துப்பட்டு பக்கம் கிராமத்துல இருந்தோம். மேட்னி முடியற வரைக்கும் இருந்தா பொழுது எறங்கிடும், ராத்திரி பட்டினி. எந்தப் படமானாலும் கடைசி அரை மணிய விட்டுட்டு சேத்துப்பட்டு பஸ்ஸ புடிச்சுடுவாரு. மீதிக் கதைய பஸ்ஸுலயே யோசிச்சுகினு வந்து, சாப்புடும்போது எங்கிட்ட சொல்லுவாரு. எனக்கு சோறு எறங்காது, அவ்ளோ பயமா இருக்கும்!"

அந்த ரயில் படத்தின் முடிவு, பாம்புப் படத்தின் முடிவு, இத்தனை வருஷமாக மெய்சிலிர்த்த அத்தனை முடிவுகளும் ஒன்றன்பின் ஒன்றாக இளஞ்செழியனுக்கு நினைவு வந்தன. தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவரையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு போனை எடுத்து, அந்தச் சென்னை ரசிகருக்குப் பதில் எழுதினான்:

"மன்னிச்சுக்கோங்க சார், நீங்க சொன்னதுதான் சரி, அந்த சீன் படத்துல இல்ல. அதோட டைரக்டர் எங்க ஆரணியில இருக்காரு."