வயிறில்லாதவை

கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து நாற்பது நாள்களாகியும் லூர்தையாவின் படகு கரையோரம் கட்டியே கிடந்தது. அவருக்கு வேறு பிழைப்பு இல்லை. எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்களைப் பீப்பாய்களில் கொண்டுவந்திருந்த மங்கையர்க்கரசி, அவர்மேல் இரங்கி, சொல்லப்பட்ட அளவைப்போல் இரு மடங்கை, அவை வேகமாகப் பெருக வெல்லப்பாகும் சேர்த்து, நீரில் ஊற்றினாள். பத்தாம் நாள் அடிமணல் தெரிந்தது.

"நாளைக்குக் கடலுக்குப் போலாம்ணே."

"அதுங்க என்னாகும் மேடம்?"

"தின்ன எண்ணெய் இல்லேன்னா தானா செத்துரும்."

"பசிச்சா வேற தேடாதா? அதுக்கும் வயிறுதானே?"

அவள் சிரித்தாள். "வயிறே கிடையாதுண்ணே."

"அப்போ எப்பத்தான் ரொம்பும்?"

மறுநாள் காலை அவர் படகை அவிழ்க்கப் போனபோது, பலகை இடுக்குகளில் அவரே காய்ச்சிப் பூசியிருந்த தார் ஒரு பொட்டும் இல்லை. மரம் கழுவிய எலும்பைப்போல் வெளுத்திருந்தது. இடுக்குகள் வழியே நீர் ஓசையின்றி உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. லூர்தையா முழங்கை வரை கையை நீருக்குள் விட்டு அடிப்பலகையைத் தடவினார். முப்பது ஆண்டுகளாக எந்தச் சோப்புக்கும் அசையாத டீசல் கறை அவருடைய விரல்களை விட்டுக் கரைந்தது. பிறகு நகங்கள் வெளுத்தன. உள்ளங்கை ரேகைகள் ஒவ்வொன்றாக மங்கின.

கரையிலிருந்து மங்கையர்க்கரசி அலறிக்கொண்டு ஓடிவந்தாள். "அண்ணே, கைய வெளிய எடுங்க!"

"இருங்க மேடம்," என்றார் அவர், நீரிலிருந்து கண்ணை எடுக்காமல். "எவ்வளவு பதமா தடவுதுங்க, பாருங்க."