இடுப்பில் மாட்டிய கொக்கி

"எங்கே அந்த விசில் மேனேஜர்? வெளியே வரச் சொல்லுங்க!"

தோளில் கைக்குழந்தையோடு தொழிற்சாலை வாசலில் நின்று கத்தினாள் அவள். காவலாளி சமாதானம் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை.

யார் தப்புச் செய்தாலும் விசில் ஊதி வேலையை நிறுத்துவதால், பாதுகாப்பு மேனேஜருக்கு அந்தப் பெயர். சத்தம் கேட்டு அவரே வந்துவிட்டார்.

"நான்தாம்மா விசில். என்ன விஷயம்?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் விடவில்லை.

"பெயிண்டர் வேலை பார்க்கற எங்க வீட்டுக்காரரை எதுக்கு சார் துரத்திவிட்டீங்க? ஒரு வாரம் வராதேன்னீங்களாமே? வந்ததும் வராததுமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துட்டார். வேலை போச்சுன்னா இந்தப் பச்சை மண்ணை வச்சுக்கிட்டு நான் எங்கே போவேன்?"

"உயரத்துல வேலை. பாதுகாப்பு பெல்ட்டை ஒழுங்கா மாட்டலை."

"மாட்டினேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்றாரே!"

"மாட்டினாரும்மா. கொக்கியை எங்கே மாட்டினார்னு கேட்டீங்களா? மேலே போற கம்பியில மாட்டாம, தன் இடுப்பு வளையத்துலயே மாட்டிக்கிட்டு தண்ணித் தொட்டி உச்சிக்குப் போய்ட்டார். அங்கே நின்னபடியே கண்ணு சொக்குது. விசில் ஊதினா திடுக்கிட்டு விழுந்துடுவாரேன்னு, நானே ஏறிப் போய்க் கையைப் பிடிச்சு இறக்கினேன்."

அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"அப்போ... வேலை?"

"எங்கேயும் போகலை. சம்பளமும் வரும். பாதுகாப்புப் பயிற்சின்னு முதலாளிகிட்ட சொல்லியிருக்கேன். லீவுன்னா வள்ளுன்னு விழுவார்."

போன உயிர் திரும்பி வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தேவிட்டாள்.

"நீங்க நல்லா இருக்கணும் சார்! என்னென்னவோ பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. பயிற்சி எங்கே சார்? நாளைக்கே அனுப்பி வைக்கிறேன்."

"உங்க வீட்டுலதான். அதுவும் உங்க கையிலதான் இருக்கு."

"என் கையிலயா?"

விசில் குரலைத் தாழ்த்தினார்.

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு கெஞ்சினார், இருந்தாலும் சொல்றேன். குழந்தைக்கு மூச்சு வருதான்னு பார்க்கச் சொல்லி ராத்திரி பூரா எழுப்பறீங்களாமே... இந்த ஒரு வாரம் அவரைத் தூங்க விடுங்கம்மா!"