கணக்கில் வராத தண்ணீர்

வாசலில் நின்றவர் கையிலிருந்த நீளமான இரும்புக் கம்பியைப் பார்த்ததும் நிதி ஆலோசகர் கதவைப் பாதி சாத்தப் பார்த்தார். வந்திருப்பவர் தண்ணீர்க் கம்பெனியின் கசிவு பார்ப்பவர். கம்பியின் ஒரு முனையை ஊன்றி, மறுமுனையில் காதை வைத்தால் போதும், எதற்குள் தண்ணீர் ஓடினாலும் கண்டுபிடித்துவிடுவார்.

"சார், இந்தத் தெருவுல தண்ணி குறையுது. உங்க வீட்டையும் ஒரு தடவை பாத்துடறேனே?"

"தாராளமா" என்றார் ஆலோசகர். குரல்தான் அவ்வளவு தாராளமாக வரவில்லை.

தண்ணீர் எங்கே குறைகிறது என்று அவருக்குத் தெரியாதா? தெருக் குழாயிலிருந்து திருட்டு இணைப்பு எடுத்து, மீட்டருக்கு டிமிக்கி கொடுத்து, சுவருக்குள் மறைத்து சமையலறை வரை கொண்டுவந்தது அவரேதான்.

வேறு யாராவது செய்திருந்தாலும் பரவாயில்லை. இந்த ஊரின் குடிநீர், கழிவுநீர்த் திட்டத்துக்குத் தனியார் முதலீட்டைத் திரட்டித் தந்தவரே அவர். 'சும்மா கிடைத்தால் தண்ணீரின் அருமை தெரியாது, எல்லோரும் காசு கொடுக்கத்தான் வேண்டும்' என்று மேடை மேடையாகத் தொண்டை கிழியப் பேசியவர். கட்டணத்தை நிர்ணயித்தவரும் அவர்தான். முதல் பில் சொந்த வீட்டுக்கு வந்த அன்றுதான் அது பகல்கொள்ளை என்று அவருக்குப் பட்டது.

பிடிபட்டால் வேலை போகும். மேடையில் பேசியதை நினைவு வைத்திருக்கிறவர்கள் எப்படிச் சிரிப்பார்கள் என்று நினைத்தபோது, அந்தப் பயத்திலும் அவருக்கே சிரிப்பு வந்தது.

"என்னங்க, வந்தவருக்குக் குடிக்கத் தண்ணி கொண்டுவரட்டுமா?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"வேணாம்!" என்று அலறினார் ஆலோசகர். திருட்டுச் சரக்கைப் பிடிக்க வந்தவருக்கே விருந்து வைக்கப் பார்க்கிறாளே!

அதற்குள் அவள் குழாயைத் திறந்துவிட்டாள். சுவரில் கம்பியை ஊன்றியிருந்தவர் கண்ணை மூடிக்கொண்டு காதைக் கொடுத்துக் கேட்டார்.

"இங்க ஓடுது சார்."

ஆலோசகர் கையைக் கூப்பினார். இனி மூடி மறைக்க என்ன இருக்கிறது?

"தப்புதாங்க. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். அபராதம் எவ்வளவு வேணா கட்டிடறேன், மேலிடத்துக்கு மட்டும் சொல்லிடாதீங்க."

"அட, பதறாதீங்க சார். இந்தத் தெருவுல குடிதண்ணி லைனை இன்னைக்குக் காலைலதான் அளந்தோம். ஒரு சொட்டுகூடத் திருட்டுப் போகல."

"நெஜமாவா?"

"நெஜமா. நீங்க குடிதண்ணியைத் திருடல. வேணும்னா எழுதிக்கூடக் குடுத்துடறேன்."

ஆலோசகருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனைவி கொண்டுவந்த தம்ளரை வாங்கி மடமடவென்று ஒரே மூச்சில் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டபோது பழைய மேடைக் கம்பீரம்கூடக் கொஞ்சம் வந்துவிட்டது.

"நானும் யோசிச்சேன், நானாவது திருடறதாவது!"

"இந்தக் குழாய் போட்டதுலேர்ந்து எங்க வீட்டு டீக்கே ஒரு தனி ருசிங்க" என்று மனைவியும் சேர்ந்துகொண்டாள்.

வந்தவர் கம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு காலித் தம்ளரையே பார்த்தபடி நின்றார்.

ஆலோசகருக்கு அப்போதுதான் லேசாக உறைத்தது. "ஆமா, அப்போ எங்க வீட்டுக்கு வர்றது எந்தத் தண்ணி?"

"ஊர்க் கக்கூஸ் தண்ணியை எல்லாம் சுத்தம் பண்ணி, தனி லைன்ல தொழிற்சாலைக்கு வித்தா நல்ல லாபம்னு நீங்கதானே சார் யோசனை சொன்னீங்க, அந்தத் தண்ணி."