ஒரு பின் குறையுது!

"பதினாலுதான் இருக்கு! பதினஞ்சு இருக்கணும். ஒரு பின்னை ஒடைச்சது யாரு?"

வேதசிரோமணி சார் மானிட்டர் கேபிள் முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

கிழக்குத் தாம்பரத்தில் இருபது வருஷமாக டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுக்கிறவர். தொண்ணூற்று நாலு பிறந்ததும் போர்டில் 'கம்ப்யூட்டர்' என்று சிவப்பு பெயிண்டில் சேர்த்து எழுதிவிட்டார். இன்று முதல் வகுப்பு. போதகர் வந்து ஜெபம் பண்ணி, லட்டு கொடுத்து, எல்லாம் அமர்க்களமாக நடந்தது. சுவிட்சைப் போட்டால் மானிட்டரில் மட்டும் அமாவாசை!

"சார், இது ஆன்லதான் இருக்கா?" என்றாள் முன் பெஞ்ச் அமலராணி.

"எதிர்த்தெரு கம்ப்யூட்டர் சென்டர்ல சுவிட்ச் போட்டவுடனே வருதாம் சார்" என்றது பின் பெஞ்ச். பன்னிரண்டு பிள்ளைகளும் சிரித்தன.

சாருக்குச் சுருக்கென்றது. "நான் மாட்டும்போது நல்லாத்தான் இருந்துச்சு. யாரோ கை வச்சிருக்காங்க!"

"நான்தான் சார்."

வாசலில் துடைப்பத்தோடு செல்லம்மா. இன்ஸ்டிடியூட்டைப் பெருக்கித் துடைக்கிறவள்.

"காலைல தொடைக்கறப்போ ஒயரு பொடவைல மாட்டிகிச்சு. வெடுக்குனு இழுத்துட்டேன் சார்."

"படிக்காதவ கை பட்டா இப்படித்தான் ஆகும்! போதும்மா உன் வேலை. நாளையிலேர்ந்து வராதே!"

செல்லம்மா வாசலை மேற்கொண்டு பெருக்க ஆரம்பித்தாள்.

பிள்ளைகளை கீபோர்டில் இருக்கும் எழுத்துகளை மனப்பாடம் பண்ணச் சொல்லிவிட்டு, சார் கேபிளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, ஸ்டேஷன் படிக்கட்டு ஏறி இறங்கி, மேற்குத் தாம்பரம் தட்சிணாமூர்த்தியின் எலெக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனார்.

"மானிட்டர் கேபிள் ஒண்ணு கொடுப்பா."

"ஒம்போது பின்னா, பதினஞ்சு பின்னா சார்?"

"ரெண்டு தினுசு இருக்கா?"

"ஒம்போதுன்னா பழைய மானிட்டரு. பதினஞ்சுன்னா இப்ப வர்ற கலரு. மாத்தி வாங்கிகினு போய்ட்டு, திரும்பி வந்து என்னாண்ட பேஜார் பண்ணுவாங்க. அதான் முதல்லயே கேட்டுக்கறது."

"கலர்தான். பதினஞ்சு கொடு."

கவர் பிரிக்காத புதுசு ஒன்று வந்தது. சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணினார்.

"என்னப்பா இது, இதுலயும் பதினாலு! உடைஞ்ச சரக்கை என் தலையில கட்டப் பாக்கறியா?"

இன்னொன்றைப் பிரித்தார்கள். பதினாலு. மூன்றாவதும் பதினாலு.

"அந்த ஒரு பின்னு வேலைக்கு ஒதவாதுன்னு கம்பெனிக்காரனே வுட்டுடறான் சார். பேருதான் பதினஞ்சு. எங்க, உங்க கேபிளைக் காட்டுங்க."

வாங்கிப் பார்த்த தட்சிணாமூர்த்தி சிரித்துவிட்டார்.

"ஒண்ணும் ஒடையல. ரெண்டு பின்னு மடங்கிகீது, அவ்ளோதான். இது ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல், பாருங்க. எவனோ தலைகீழா வச்சு குத்திகிறான்!"

"இல்லப்பா, பெருக்கற அம்மா இழுத்துட்டா."

"இழுத்தா ஒயரு அறும் சார், பின்னு மடங்காது. இது அமுக்குன கை. முரட்டுக் கை. அந்தாளை மட்டும் கம்ப்யூட்டர் பக்கம் சேக்காதீங்க!"

சார் தன் கையை மெல்ல பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

நேற்று சாயங்காலம் பிளக் போகாமல் அடம்பிடித்தபோது, உள்ளங்கையால் ஓங்கி ஒரு குத்து விட்டாரே! அப்புறம் திருப்பி வைத்ததும் எப்படியோ போய் உட்கார்ந்தது. நல்லவேளை, அப்போது யாரும் இல்லை. செல்லம்மா மட்டும் ஓரமாகத் தரை துடைத்துக்கொண்டிருந்தாள்.

தட்சிணாமூர்த்தி காலி பேனா ரீஃபில் ஒன்றைப் பின்னில் சொருகி, நிமிர்த்திக் கொடுத்தார். "புதுசெல்லாம் வேணாம் சார், எடுத்துகினு போங்க."

திரும்பி வரும்போது படிக்கட்டு முழுக்க சாருக்கு ஒரே யோசனை. 'புது கேபிள் மாட்டிட்டேன்' என்று சொன்னால் போதும். யாருக்குத் தெரியப்போகிறது?

வாசலில் செல்லம்மா சாப்பாட்டுத் தூக்கோடு நின்றாள். "எல்லாம் தொடைச்சு வச்சுட்டேன் சார்" என்று கதவுச் சாவியை நீட்டினாள்.

சார் சாவியை வாங்கவில்லை. விறுவிறுவென்று உள்ளே போனார். கேபிளை அகலம் பார்த்து, குறுகல் பார்த்து, பூப்போல மாட்டினார். மானிட்டர் பளிச்சென்று விழித்துக்கொண்டது.

பிள்ளைகள் கை தட்டின. சார் தொண்டையைக் கனைத்தார்.

"இருங்க, முதல் பாடம். கேபிளை எப்படி மாட்டக் கூடாது? நேத்து நான் மாட்டின மாதிரி மாட்டக் கூடாது. தலைகீழா வச்சுக் குத்தினவன் நான்தான். செல்லம்மா அதைத் தொடவே இல்லை."

அமலராணி ஆரம்பிக்க, முன்னைவிடப் பலமாகக் கை தட்டினார்கள். ஒருவரும் எழுந்து போகவில்லை.

சார் வாசலுக்கு வந்தார். "மன்னிச்சுக்கம்மா. நாளைக்கு வழக்கம்போல வந்துடு. ஆமா, நான் குத்தினதைப் பாத்துட்டுதானே இருந்தே? எதுக்கு உன் மேல பழியைப் போட்டுக்கிட்டே?"

செல்லம்மாவுக்கு வந்ததே கோபம்!

"போங்க சார்! நானே கஷ்டப்பட்டு உங்க மானத்தைக் காப்பாத்தி வச்சா, நீங்களே போட்டு ஒடைச்சுட்டீங்க! பெருக்குறவளுக்கு ஒயரு மாட்டத் தெரியலன்னா யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. சாருக்கே தெரியலன்னா, அத்தினி புள்ளைங்களும் எதிர்த்தெருவுக்குப் போயிடாதா?"