ஒருநாள் பாரம்

உடம்பெல்லாம் அடித்துப்போட்டதுபோல் வலித்தது. நூறு கிலோ மூட்டையை லாரியில் ஏற்றுகிற முத்துக்கருப்பனால் பாயைவிட்டு எழ முடியவில்லை.

மனைவி பவுனுத்தாயின் மனச்சோர்வை ஒருநாளுக்கு அவன் வாங்கியிருந்தான். காதோரம் ஒட்டிய சிறு வில்லை அதை அவனுக்கு மாற்றியிருந்தது. அவள் தங்கை மகளின் காதுகுத்துக்குச் சிரித்த முகத்தோடு போயிருந்தாள்.

“சாயங்காலம் வரைக்கும் தாங்குவியாய்யா?” கிளம்பும்போது கேட்டிருந்தாள்.

“மூட்டை தூக்குறவன்கிட்ட கேக்குற கேள்வியாடி?”

பக்கத்திலேயே செம்பில் தண்ணீர் இருந்தது. தாகம் இருந்தும் கை நீளவில்லை. உச்சிவேளையில் வில்லையைப் பிய்த்தெறிந்தான். பாரம் அவளிடமே திரும்பியது.

பந்தியில் பாதியில் எழுந்து வீடு வந்த பவுனுத்தாய் உலை வைத்தாள். அவன் மலைத்துப்போய்ப் பார்த்தான்.

“இதோடயா புள்ள இத்தன வருசமும் எனக்குச் சோறாக்குன?”

“பின்ன, நீயா ஆக்குன?”

அவளுக்கு அவன் இன்னும் அரைநாள் பாக்கி.